புரியாத மாதிரி புரோகிராம் எழுத ஒரு போட்டி! வாக்கு இயந்திரம் வரை நீளும் 'குழப்பக் கலை'... முழு விவரம்

தேர்தல் முடிவு வந்த மறுநாளே வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும். 'வாக்குப்பதிவு இயந்திரத்தோட சோர்ஸ் கோட் எங்கே? அதை வெளியிடச் சொல்லுங்க!'

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குள் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. புரோகிராம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், விவரம் தெரிந்த நாலு பேர் உட்கார்ந்து படித்து, இது நேர்மையானதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள் என்ற நம்பிக்கை.

அது எந்த அளவுக்கு உண்மை? இதற்கான பதில் நீதிமன்றத்திலோ, தேர்தல் ஆணையத்திலோ மட்டும் இல்லை. 40 வருடங்களுக்கும் மேலாக நடக்கிற ஒரு விசித்திரமான போட்டியிலும் இருக்கிறது. யாருக்குமே புரியாத மாதிரி கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் போட்டி அது!

முதலில் சோர்ஸ் கோட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். புரோகிராமர் தன் கையால் எழுதுவது சோர்ஸ் கோட். அதைக் கம்பைலர் என்ற இன்னொரு மென்பொருள், சிப்புக்குப் புரிகிற எண்களாக மாற்றித் தரும். இயந்திரத்தில் ஓடுவது அந்த எண்கள்தான். சோர்ஸ் கோட் மனிதர்கள் படிப்பதற்காக இருப்பது. நல்ல புரோகிராமர் என்றால் அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும் என்பதுதான் கல்லூரியில் சொல்லித்தரும் முதல் பாடம். அந்தப் பாடத்தை வேண்டுமென்றே தலைகீழாக்கினால்?

சில வரியில் இந்தியா மேப்!

இன்ஜினியரிங் கல்லூரியில் சி மொழி படித்த பலரும் இதைப் பார்த்திருப்பார்கள். சீனியர்கள் ஜூனியர்களிடம் காட்டி 'இது என்ன பண்ணும், சொல்லு பார்ப்போம்' என்று மிரட்டுகிற ஒரு புரோகிராம். மொத்தமே சில வரிதான். நடுவில் கீபோர்டில் பூனை நடந்தது மாதிரி ஒரு நீளமான எழுத்துக் குவியல். வேறு எதுவும் இருப்பதாகத் தெரியாது. ஆனால் ஓட விட்டால் திரையில் இந்தியாவின் வரைபடம் வரும். முழுக்க முழுக்க ஆச்சரியக்குறிகளால் வரைந்த மேப்!

எப்படி? சூட்சுமம் அந்த எழுத்துக் குவியலில்தான் இருக்கிறது. அது 'டி, எஃப், சின்ன ஒய்' என்று தொடங்கும். ஆங்கில அகரவரிசையில் டி 20-வது எழுத்து. அதனால் முதலில் 20 காலியிடம் விடு. எஃப் 6-வது எழுத்து. 6 ஆச்சரியக்குறி போடு. சின்ன எழுத்து வந்தால் எண்ணிக்கை பெரிசு; சின்ன ஒய் என்றால் 57 காலியிடம். 80 இடம் ஆனதும் தானாக அடுத்த வரிக்குப் போய்விடும், மிச்சம் இருக்கிற காலியிடம் அந்த வரியில் சேர்ந்துகொள்ளும். இப்போது காஷ்மீரின் உச்சி வரைந்தாகிவிட்டது.

இப்படியே காலியிடம், ஆச்சரியக்குறி, காலியிடம், ஆச்சரியக்குறி என்று மாறி மாறிப் போகும். கடைசி மூன்று வரிகளில் 8 ஆச்சரியக்குறி, பிறகு 6, பிறகு 4 என்று கூம்பிக்கொண்டே வந்து முனையில் முடியும். தென்காசி மாவட்டம் சிவகிரி எங்கே என்று தேடினால், அந்தக் கடைசி இரண்டு மூன்று வரிக்குள் ஏதோ ஒரு ஆச்சரியக்குறியில் அடங்கிவிடும். பக்கத்து குற்றாலமும் அதே குறியில் இருந்தால் ஆச்சரியம் இல்லை!

இதில் இன்னொரு குறும்பு உண்டு. அந்தக் குவியலின் தொடக்கத்தில் 'ஹலோ ஃபோக்ஸ்' என்று படிக்கிற மாதிரி ஆங்கில வார்த்தைகள் இருக்கும். பார்க்கிறவர் கண் நேராக அங்கேதான் போகும், 'இது ஏதோ வணக்கம் சொல்கிற புரோகிராம்' என்று முடிவு கட்டும். ஆனால் புரோகிராம் முதல் 31 எழுத்துகளைத் தொடவே தொடாது. 32-வது எழுத்திலிருந்துதான் படிக்கவே ஆரம்பிக்கும். அந்த ஹலோ, கவனத்தைத் திருப்ப மட்டும் வைத்த தூண்டில்.

இந்தத் தூண்டிலை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

நமக்குப் புதுசா என்ன?

தமிழ் படித்தவர்களுக்கு இந்த விளையாட்டு அந்நியமாகத் தெரியாது. முன்னால் இருந்து படித்தாலும் பின்னால் இருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றுப் பதிகத்தைத் திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார். எழுத்துகளைத் தேர் வடிவில் அடுக்குவது ரதபந்தம், பாம்பு வடிவில் பின்னுவது நாகபந்தம். காளமேகப் புலவர் ஒரே பாட்டில் இரண்டு பொருளைச் சொல்லிவிட்டுப் போவார். சித்தர்கள் மருந்துச் சரக்குகளுக்குப் பரிபாஷை வைத்தார்கள். குருவிடம் படிக்காதவனுக்கு அது வெறும் பாட்டு.

நன்னூல் இன்னும் ஒரு படி மேலே போய், 'குழூஉக்குறி' என்று இதற்கு இலக்கணமே சொல்கிறது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளும் சொல். பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்று சொல்வதை உதாரணமாகக் காட்டுவார்கள். நகை செய்யக் கொடுக்க வந்தவர் எதிரில் நின்றாலும் அவருக்கு விளங்காது.

கவனித்தால் இவை இரண்டு வகை. சித்திரக்கவியில் புலவர் 'முடிந்தால் கண்டுபிடி' என்று நம்மைக் கூப்பிடுகிறார். குழூஉக்குறியில் 'உனக்குத் தெரிய வேண்டாம்' என்று ஒதுக்குகிறார்கள். புரோகிராமிலும் இதே இரண்டு வகைதான்.

1984: புரியாத புரோகிராமுக்குப் பரிசு

அமெரிக்காவில் லேண்டன் கர்ட் நோல், லாரி பாஸல் என்ற இரண்டு இளைஞர்கள் 1984-ல் தொடங்கியது 'சர்வதேச குழப்ப சி புரோகிராம் போட்டி'. காரணம் எரிச்சல்தான்! வேலை செய்யும் இடத்தில் அடுத்தவர்கள் எழுதிய புரோகிராம்களைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அதில் ஒன்று ஸ்டீவ் போர்ன் எழுதிய பிரபலமான யூனிக்ஸ் ஷெல். அவர் சி மொழியையே வேறு மொழி மாதிரி மாற்றி எழுதி வைத்திருந்தார். படிக்க முடியாமல் தவித்தவர்கள், 'இதைவிட மோசமாக யாராவது எழுதிக் காட்டுங்கள் பார்ப்போம்' என்று போட்டியே அறிவித்துவிட்டார்கள்.

வந்து குவிந்தவை சாதாரணமானவை இல்லை. முதல் வருடமே ஒரு பதிவில் வார்த்தைகளே கிடையாது, வெறும் எண்களின் பட்டியல். சிப்புக்கு நேரடியாகப் புரிகிற எண்களை அப்படியே கொட்டியிருந்தார்கள், அதுவும் இரண்டு வேறு வேறு வகைக் கம்ப்யூட்டர்களில் ஓடுகிற மாதிரி! அடுத்த வருடமே அதற்குத் தடை விதி வந்தது. 1988-ல் பிரையன் வெஸ்ட்லி எழுதிய புரோகிராமே வட்ட வடிவில் இருக்கும். அந்த வட்டத்தின் பரப்பளவை அதுவே அளந்து 'பை' மதிப்பைச் சொல்லும். இன்னும் துல்லியமாக வேண்டுமா? இன்னும் பெரிய வட்டமாக எழுது, அவ்வளவுதான். 1994-ல் ஒருவர் தன்னைத்தானே அச்சிடும் உலகின் மிகச்சிறிய புரோகிராம் என்று ஒரு காலி ஃபைலை அனுப்பி வைத்தார். உள்ளே ஒன்றும் இல்லை, ஓடவிட்டால் ஒன்றும் வராது. கணக்கு சரிதானே? அவருக்கும் பரிசு கொடுத்துவிட்டு, விதியை மாற்றிக்கொண்டார்கள்.

1998-ல் கார்ல் பேங்க்ஸ் அனுப்பியது ஒரு விமானம் ஓட்டும் விளையாட்டு, சோர்ஸ் கோட்டும் விமான வடிவத்திலேயே! 2001-ல் ஃபாப்ரிஸ் பெல்லார்டு அனுப்பிய குட்டிக் கம்பைலர் பிறகு 'டைனி சி கம்பைலர்' என்ற உண்மையான கருவியாக வளர்ந்தது. இன்று வீடியோ பார்க்கும் எத்தனையோ ஆப்களுக்குள் வேலை செய்யும் 'எஃப்எஃப்எம்பெக்' மென்பொருளைத் தொடங்கியவரும் இதே பெல்லார்டுதான். 2020-க்குப் பிறகு சில ஆண்டுகள் நடக்காமல் இருந்த போட்டி, 2025-ல் மறுபடியும் வெற்றியாளர்களை அறிவித்தது.

இதில் ஒரு விஷயம் முக்கியம். இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. போட்டி முடிந்ததும் சோர்ஸ் கோட், அது எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம் எல்லாமே வெளியாகிவிடும். புரியவில்லை என்பது பார்த்ததுமே தெரிகிறது. அதனால் எச்சரிக்கையாக இருக்கிறோம். இது சித்திரக்கவி ரகம்.

அதே வித்தை உங்கள் போனில்

குழூஉக்குறி ரகமும் நம் கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஆப் தயாரிக்கும்போது, உள்ளே இருக்கும் பெயர்களை எல்லாம் 'ஏ', 'பி', 'சி' என்று மாற்றிவிடும் கருவியைக் கூகுளே தருகிறது. 'வாடிக்கையாளரின் பாஸ்வேர்டைச் சரிபார்' என்று பெயர் வைத்திருந்த பகுதி, வெறும் 'ஏபி' ஆகிவிடும். ஆப்பின் சைஸ் குறையும், உள்ளே பிரித்துப் பார்த்துத் திருட நினைப்பவருக்கும் வேலை கடினமாகும். சட்டப்படி நடக்கும் நிறுவனங்களே தங்கள் ஆப்பில் இதைச் செய்கின்றன. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் திருடனும் அதே கடையில்தான் பூட்டு வாங்குகிறான். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் ஃபைன் செலான், பி.எம். கிசான் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் 'ஏபிகே' ஃபைல்கள் பற்றிப் பல மாநில போலீஸாரும் எச்சரித்திருக்கிறார்கள். இந்த மாதிரி ஆப்கள் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டு, ஓடிபி-யை வேறு ஒரு ஆளுக்கு அனுப்பிவிடும். ஆன்டிவைரஸ் கண்ணில் படாமல் இருக்க, தகவல் போய்ச் சேரும் முகவரியைக் குழப்பி எழுதி, நிஜ வேலையைச் செய்யும் பகுதியை இன்னொரு பொட்டலத்துக்குள் ஒளித்து வைப்பார்கள். பிளே ஸ்டோருக்கு வெளியே, மெசேஜில் வரும் ஏபிகே எதையும், அனுப்பியவர் சொந்தக்காரராகவே இருந்தாலும், திறக்காதீர்கள். ஏனென்றால் அவர் போன் ஏற்கனவே மாட்டியிருக்கலாம். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

இதுவரை பார்த்தது எல்லாம் புரியாத புரோகிராம். உண்மையிலேயே தூக்கத்தைக் கெடுப்பது இதற்கு நேர் எதிரான ரகம்.

படித்தால் புரியும்... ஆனால் பொய் சொல்லும்

2004-ல், அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கிய நேரத்தில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் ஹார்ன் ஒரு போட்டி வைத்தார். வாக்கு எண்ணும் புரோகிராம் எழுத வேண்டும். சோர்ஸ் கோட்டைப் படிக்கிறவருக்குச் சுத்தமாக, எளிமையாக, நேர்மையாகத் தெரிய வேண்டும். சோதித்துப் பார்த்தால் சரியாக எண்ண வேண்டும். ஆனால் நிஜத் தேர்தலில் ஒரு பக்கத்துக்குச் சாதகமாகத் தப்பாக எண்ண வேண்டும்! வாக்கு இயந்திரத்தை நம்பலாமா என்ற கேள்விக்கு அவர் கண்டுபிடித்த பதில் சொல்லும் முறை இது.

எழுதி அனுப்பினார்கள். வேலையும் செய்தது.

அதைப் பார்த்து, பிங்ஹாம்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்காட் கிரேவர் அடுத்த வருடம் 'அண்டர்ஹேண்டட் சி' என்ற போட்டியைத் தொடங்கினார். தமிழில் 'கள்ளத்தனமான சி' என்று சொல்லலாம். மேலே சொன்ன பழைய போட்டியில் பார்த்தால் குழப்பம், உள்ளே நல்ல பிள்ளை. இங்கே பார்த்தால் நல்ல பிள்ளை, உள்ளே கள்ளம்.

2008-ல் அவர்கள் கொடுத்த வேலையைக் கேளுங்கள். ஒரு படத்தில் குறிப்பிட்ட பகுதியைக் கறுப்பு அடித்து மறைக்கும் புரோகிராம் எழுத வேண்டும். ஆதார் எண்ணை மறைத்து போட்டோ அனுப்புவோமே, அது மாதிரி. ஆனால் மறைத்ததை எழுதியவர் மட்டும் மீட்டெடுக்க வழி இருக்க வேண்டும். வென்றவர் ஜான் மீச்சம். அவர் எடுத்துக்கொண்ட படவகையில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 0 முதல் 255 வரை ஒரு எண்ணாக எழுதப்பட்டிருக்கும். மறைக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு இலக்கத்தையும் 0 ஆக்கினார், அவ்வளவுதான். 255 என்பது 000 ஆகும். 7 என்பது 0 ஆகும். இரண்டுமே பூஜ்யம், இரண்டுமே கறுப்பு. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் ஃபைலைத் திறந்து மூன்று பூஜ்யமா, ஒரு பூஜ்யமா என்று பார்த்தால் அங்கே முதலில் வெள்ளை இருந்ததா, கறுப்பு இருந்ததா என்று தெரிந்துவிடும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்றால், முழு எழுத்தும் திரும்பக் கிடைத்துவிடும்!

அந்தப் புரோகிராமைப் படித்தவர் யாரும் அங்கே நிற்கவே மாட்டார். சந்தேகப்படும்படியாக ஒரு வரியும் இல்லை. மாட்டினாலும் 'கவனிக்கலை சார், சின்ன பிழை' என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அந்தப் போட்டியில் அதுவும் ஒரு தகுதி.

இது வெறும் விளையாட்டு இல்லை என்பதற்கு 2024 மார்ச் 29-ல் வெளியான சம்பவமே போதும். லினக்ஸ் சர்வர்களில் பரவலாக இருக்கும் 'எக்ஸ்இஸட்' என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளில் ரகசியக் கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. சோர்ஸ் கோட் எல்லோருக்கும் திறந்தே இருந்த மென்பொருள் அது! 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கும் மேலாக உதவி செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, பரிசோதனை ஃபைல் என்று சொல்லி விஷத்தை உள்ளே வைத்துவிட்டார். மேப் புரோகிராமின் 'ஹலோ ஃபோக்ஸ்' தூண்டில் ஞாபகம் இருக்கிறதா? அதே உத்திதான். யாரும் பார்க்க நினைக்காத இடத்தில் வைப்பது. கண்டுபிடித்தவர் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட். சோர்ஸ் கோட்டைப் படித்து இல்லை. லாகின் ஆவதற்கு அரை விநாடி கூடுதலாக ஆகிறதே, ஏன் என்று நோண்டிப் பார்த்து!

இன்னும் ஒரு படி இருக்கிறது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், டூரிங் விருது உரையில் ஒன்றைச் சொன்னார். அது அச்சில் வந்ததும் அதே 1984-ல்தான். சோர்ஸ் கோட் பரிசுத்தமாக இருக்கட்டும். அதை எண்களாக மாற்றும் கம்பைலர் கள்ளத்தனம் செய்தால், ஓடுகிற புரோகிராமில் விஷம் இருக்கும், சோர்ஸ் கோட்டில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. செய்தும் காட்டினார்.

சரி, நம் வாக்கு இயந்திரம்?

இந்தியாவில் வாக்குப்பதிவு இயந்திரம் முதலில் வந்தது 1982 மே மாதம், கேரளத்தின் பரவூர் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில். சட்டத்தில் இடமே இல்லாமல் இயந்திரம் வைத்தது செல்லாது என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (எல்லாமே 1984-ல் நடந்திருப்பது தற்செயல்தான்!) பிறகு சட்டம் திருத்தப்பட்டு, தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தல் முதல் எல்லாத் தொகுதியிலும் இயந்திரம்தான். தயாரிப்பது பெங்களூரு பெல் நிறுவனமும் ஹைதராபாத் இசிஐஎல் நிறுவனமும். பெல் நிறுவனத்தில் இந்த இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்த பொறியாளர் எஸ்.ரங்கராஜன். ஆமாம், நம் எழுத்தாளர் சுஜாதாவேதான்.

இயந்திரத்தின் புரோகிராம் சிப்பில் ஒரே ஒரு முறை எழுதப்படும், பிறகு மாற்ற முடியாது, எந்த நெட்வொர்க்கோடும் தொடர்பு இல்லை என்பது தேர்தல் ஆணையத்தின் விளக்கம். எந்த இயந்திரம் எந்தச் சாவடிக்குப் போகும் என்பது குலுக்கல் முறையில் முடிவாகும். தொகுதிக்குத் தொகுதி எந்தப் பட்டன் எந்தக் கட்சிக்கு என்பது வேட்பாளர் பட்டியல் வந்த பிறகே தெரியும். அதனால் தயாரிக்கும்போதே 'இந்தக் கட்சிக்கு ஓட்டு ஏற்று' என்று எழுதி வைக்க வழியில்லை. வாக்குப்பதிவு தொடங்கும் முன் ஏஜென்ட்கள் கண்ணெதிரே குறைந்தது 50 மாதிரி வாக்குகளும் போட்டுப் பார்க்கப்படும். இவை எல்லாம் வலுவான பாதுகாப்புகள்தான்.

மறுபக்கம், 2010-ல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மேன், ராப் கோங்கிரைப் ஆகியோர் ஒரு நிஜ இயந்திரத்தைப் பிரித்து ஆய்வு செய்தார்கள். உள்ளே இருக்கும் பாகத்தை மாற்றி வைத்தால் முடிவை மாற்றலாம் என்று காட்டினார்கள். அவர்கள் சொன்ன இன்னொரு விஷயம் நம் கதைக்கு நெருக்கமானது. சிப்பில் எழுதியதைத் திரும்பப் படிக்க முடியாது என்பது பாதுகாப்பு என்கிறார்கள். ஆனால் அதே காரணத்தால், உள்ளே இருப்பது சரியான புரோகிராம்தானா என்று அதிகாரிகளாலும் படித்துப் பார்க்க முடியாது! இயந்திரம் எங்கிருந்து கிடைத்தது என்ற வழக்கில் ஹரி பிரசாத் அந்த ஆகஸ்டில் கைது செய்யப்பட்டு, ஜாமீனில் வந்தார். பாதுகாப்பில் இருக்கும் இயந்திரத்தை யாரும் அப்படித் தொட முடியாது என்பது ஆணையத்தின் பதில்.

2023 செப்டம்பரில் சோர்ஸ் கோட்டைத் தணிக்கை செய்து வெளியிடக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பொதுவெளியில் வைத்தால் ஹேக் செய்ய வழியாகிவிடும் என்பது நீதிபதிகளின் கவலை. என் பார்வையில் அந்தக் காரணம் பலவீனமானது. மறைத்து வைத்தால்தான் பாதுகாப்பு என்ற வாதத்தை மென்பொருள் பாதுகாப்புத் துறையே பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் மனுதாரர் பக்கம் கேட்டதும் பிரச்சினையைத் தீர்த்திருக்காது. நாளைக்கே சோர்ஸ் கோட் வெளியானாலும், மீச்சம் மாதிரி ஒருவர் எழுதியிருந்தால் யார் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்தாலும், சிவகிரியில் இருக்கும் சாவடியில் ஓடுகிற சிப்பில் இருப்பது அதேதான் என்று எப்படித் தெரியும்?

ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009 மார்ச் 3-ம் தேதி இதை வேறு மாதிரி பார்த்தது. தேர்தலின் முக்கியமான படிகளை, தொழில்நுட்பம் எதுவும் தெரியாத சாதாரண வாக்காளரே சரிபார்க்க முடிய வேண்டும் என்றது. அந்த அளவுகோலில் சோர்ஸ் கோட் கணக்கிலேயே வராது. அதைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? அங்கே அப்போது பயன்படுத்திய இயந்திரங்கள் அத்தோடு போயின.

பதில் தாளில் இருக்கு

கிரிப்டோகிராஃபி மேதை ரொனால்டு ரிவெஸ்ட் சொல்லும் கருத்தை எளிமையாக இப்படிச் சொல்லலாம்: புரோகிராம் நல்லதா கெட்டதா என்று ஆராய்வதை விட, புரோகிராம் பொய் சொன்னாலும் முடிவில் அது மாட்டிக்கொள்கிற மாதிரி தேர்தலை அமைத்துவிடு. நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது விவிபாட். பட்டனை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிகிற சீட்டு. அதைப் படிக்க சி மொழி தெரிய வேண்டாம், சின்னம் தெரிந்தால் போதும்.

ஆனால் சீட்டு அச்சானால் மட்டும் போதாது, யாராவது எண்ண வேண்டும். 2019-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் குலுக்கலில் 5 சாவடிகளின் சீட்டுகள் எண்ணப்படுகின்றன. எல்லாவற்றையும் எண்ணுங்கள் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26-ல் நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபாங்கர் தத்தா அமர்வு நிராகரித்தது. இதுவரை 4 கோடிக்கும் மேற்பட்ட சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்திருப்பதாக ஆணையம் சொன்னது. நாடு முழுவதையும் ஒரே கூடையாக எடுத்துக்கொண்டால் 479 இயந்திரங்களைச் சோதித்தாலே போதும் என்று இந்தியப் புள்ளியியல் நிறுவன அறிக்கையும் சொல்லியிருந்தது.

ஆனால் எம்எல்ஏ-வைத் தேர்ந்தெடுப்பது நாடு இல்லையே, தொகுதி! இங்கேதான் 5 என்ற எண் இடிக்கிறது. சிவகிரி வருவது வாசுதேவநல்லூர் தொகுதியில். பக்கத்தில் இருக்கும் தென்காசித் தொகுதியில் 2021-ல் காங்கிரஸின் பழனி நாடார், அதிமுகவின் செல்வமோகன்தாஸ் பாண்டியனை வென்றது வெறும் 370 வாக்குகளில். வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2023 ஜூலையில் தபால் வாக்குகள் மறுபடி எண்ணப்பட்டன; பழனி நாடாரின் வெற்றி மாறவில்லை. அந்த வழக்கு இயந்திரத்தைப் பற்றியது இல்லை, தபால் வாக்குகளைப் பற்றியது. ஆனாலும் இரண்டு வருடம் கழித்துப் பிரித்துப் பார்க்க முடிந்தது என்றால், அது தாள் என்பதால்தான்.

அந்த வித்தியாசத்தை வைத்து ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு தொகுதியில் 300 சாவடிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 370 வித்தியாசத்தைப் புரட்ட 10 சாவடியில், சாவடிக்கு 19 வாக்கை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றினால் போதும். 300-ல் 5 சாவடியைக் குலுக்கி எடுத்தால், அந்தப் பத்தில் ஒன்றாவது மாட்ட எவ்வளவு வாய்ப்பு? சுமார் 16 சதவீதம். ஆறு தடவையில் ஐந்து தடவை தப்பித்துவிடும். அதே தொகுதியில் வித்தியாசம் 40 ஆயிரம் என்றால், முடிவைப் புரட்ட ஏகப்பட்ட சாவடிகளில் கை வைக்க வேண்டும்; அப்போது 5 சாவடி எண்ணினாலே மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு மிக அதிகம்.

அதனால் எல்லாத் தொகுதிக்கும் 5 என்று வைக்காமல், வித்தியாசம் குறையக் குறைய அதிகச் சாவடிகளை எண்ணுவதுதான் புத்திசாலித்தனம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017 முதல் மாநிலம் முழுவதும் இப்படித்தான் தணிக்கை செய்கிறது. எல்லாச் சீட்டையும் எண்ணுவதால் ஆகும் தாமதமும் இதில் இல்லை. 'சோர்ஸ் கோட் எங்கே' என்று கேட்கிற கட்சிகள், இந்தக் கோரிக்கையை அதே சத்தத்தோடு வைக்காதது ஏன் என்று தெரியவில்லை.

இப்போதைக்கு இருக்கிற வழி இது: 2024 தீர்ப்பின்படி, இரண்டாம் மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள், முடிவு அறிவித்த 7 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக் கட்டணம் கட்டினால், ஒரு சட்டமன்றப் பகுதியில் 5 சதவீத இயந்திரங்களின் சிப்பைத் தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்கள் சரிபார்க்க வேண்டும். எந்தச் சாவடி இயந்திரம் என்று வேட்பாளரே தேர்ந்தெடுக்கலாம். முறைகேடு தெரிந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.